பத்தாம் வகுப்பு வேலைக்கு பி.இ. பட்டதாரி ஏன் வரிசையில் நிற்கிறார்?

2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் தமிழ்நாடு முழுக்கப் பதினோரு லட்சத்துக்கும் அதிகமானோர் குரூப் 4 தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் ஏறத்தாழ 13.89 லட்சம் பேர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) முதலில் அறிவித்த இடங்கள் 3,935. கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), இளநிலை உதவியாளர், தட்டச்சர், வனக்காப்பாளர் என்று பல பதவிகள். கேட்ட படிப்பு பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். எழுத வந்தவர்களிலோ பி.இ. உண்டு, எம்.எஸ்சி. உண்டு, எம்.பில். முடித்தவர்களும் உண்டு. எழுதியவர்களை வைத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்குச் சுமார் 290 பேர்.

இந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் இரண்டு தீர்ப்பு கேட்கலாம். "நோகாம நொங்கு திங்கப் பாக்குதுங்க இந்தக் காலத்துப் புள்ளைங்க" என்பது ஒன்று. "படிச்சவனுக்கு வேலை கொடுக்கத் துப்பில்ல" என்பது இன்னொன்று. இரண்டிலும் ஏதோ கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பெண்ணோ பையனோ வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கை இரண்டு தீர்ப்புமே பார்ப்பதில்லை. இன்று இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் இருப்பவர்கள் வெற்றி என்று எதை நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி.

இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். கேட்டால் சிறிய தொகை. அதன்மேல் அகவிலைப்படி வரும். 2025 தொடக்கத்தில் அது 55 சதவீதம், அதாவது 10,725 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் 30,225. ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி தனி. இதில் பத்து சதவீதம் ஓய்வூதியப் பங்களிப்பாகப் பிடித்தமாகும். அகவிலைப்படி வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை ஏறும், ஆண்டு ஊதிய உயர்வு மூன்று சதவீதம் வரும். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, மேனேஜர் ரேட்டிங் போட வேண்டியதில்லை.

மறுபக்கம், கேம்பஸில் பெரிய எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் ஐடி கம்பெனிகள். புதிதாகச் சேர்பவருக்கு அவை தரும் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்து, பதினைந்து ஆண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிடித்தம் போக மாதம் கைக்கு வருவது பெரும்பாலும் இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே. அதில் சென்னையில் பி.ஜி. வாடகை, சாப்பாடு, பஸ், வாரக் கடைசியில் ஊருக்கு ஆம்னி டிக்கெட். அண்ணன் 2010-ல் சேர்ந்தபோது வாங்கியதைவிடச் சில ஆயிரம் மட்டுமே அதிகமாக ஒரு தம்பி இன்று வாங்குகிறான். இடைப்பட்ட காலத்தில் வாடகை எங்கே போய்விட்டது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆக, தொடக்கச் சம்பளத்தில் தனியார் வேலை ஜெயிக்கிறது என்ற பழைய நம்பிக்கை சாதாரணக் கல்லூரியில் படித்த சாதாரண மாணவருக்கு இன்று பொருந்தாது. நல்ல கல்லூரியில் படித்து, கோடிங் நன்றாக வந்து, பத்து லட்சத்துக்கு மேல் ஆஃபர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குரூப் 4 பக்கம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல.

சம்பளத்தைத் தாண்டி இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த வேலை எத்தனை நாள் நிற்கும்? 2022-ல் பட்டம் வாங்கியவர்கள் இதை நேரடியாகப் பார்த்தார்கள். ஆஃபர் லெட்டர் கையில் வந்தது, வீட்டில் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்கு இனிப்பும் கொடுத்தாகிவிட்டது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. பெரிய கம்பெனிகளே ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடம் இழுத்தடித்தன. சேர்த்த பிறகு பயிற்சித் தேர்வில் தேறவில்லை என்று கூட்டமாக வெளியே அனுப்பியதும் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒரு தலைமுறைத் தம்பி தங்கைகள் இப்போது இறுதியாண்டில் இருக்கிறார்கள்.

அரசு வேலையிலும் தூக்கி எறிந்தது உண்டு என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டார்கள். "அவ்வளவு பெரிய நடவடிக்கைக்குப் பிறகும் வேலை போகலையே" என்பதுதான் வீடுகளில் பதிந்த பாடம். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அதனாலும் கூட்டம் குறையவில்லை. பென்ஷனுக்காகத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கூட்டம் குறையாததற்கு, என் கணிப்பில், பெரிய காரணம் அந்தத் தேர்வே. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே வினாத்தாள். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் நூறு கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மற்ற நூறில் எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து கணக்கும் அறிவுத்திறனும். விடை தெரியாவிட்டால் அதைச் சொல்லவும் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. அதைக் கருப்பாக்க வேண்டும். அவ்வளவுதான். குரூப் டிஸ்கஷன் இல்லை, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" இல்லை, ஷூவும் டையும் இல்லை.

அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் அவளை வெளியே தள்ளுவது பாடம் அல்ல. இங்கிலீஷில் சரளமாகப் பேசும் நாற்பது பேருக்கு நடுவே வாய் திறக்க வேண்டிய அந்த எட்டு நிமிடம்தான். குரூப் 4-ல் அந்த எட்டு நிமிடம் இல்லை. அவளுக்குப் பழக்கமான சமச்சீர்க் கல்விப் பாடப் புத்தகம்தான் அங்கே மூலதனம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தனியாரில் இரண்டும் கிடையாது. தன் அப்பாவின் பெயரோ மாமாவின் சிபாரிசோ தடுக்கவும் முடியாத, தூக்கிவிடவும் முடியாத ஒரு வாசல் என்று அவள் அதைப் பார்க்கிறாள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது எனக்கு அபாண்டமாகவே படுகிறது.

பெண்களுக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. சொந்த மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ இருந்துகொள்ளலாம் என்பது ஒன்று. மகப்பேறு விடுப்பு மற்றொன்று. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் அது பன்னிரண்டு மாதம். தனியாரில் சட்டப்படி 26 வாரம், அதுவும் சட்டத்தை மதிக்கும் கம்பெனியில். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலையை விடாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் அம்மாக்கள் இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்களின் கதை வேறு. பெண் பார்க்கப் போகும் வீட்டில் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "வி.ஏ.ஓ.வா இருக்காப்ல" என்ற பதிலுக்கு இருக்கும் எடை, "சென்னைல ஒரு ஸ்டார்ட்-அப்ல" என்ற பதிலுக்கு இல்லை. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும் இதே கதைதான். வெற்றி என்றால் என்ன என்பதை இளைஞர்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. பெண் வீட்டாரும் வங்கி மேனேஜரும் சேர்ந்துதான் அதற்கு விலை போடுகிறார்கள்.

ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கிறது. எல்லோரும் அதே கணக்கைப் போடும்போது வருவதுதான் சிக்கல்.

மாவட்ட மைய நூலகம் ஒன்றுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். கதவு திறக்கும் முன்பே பைகள் வரிசையில் நிற்கும். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான தமிழ்ப் புத்தகங்கள், மஞ்சள் ஹைலைட்டர் போட்ட பக்கங்கள். ஃபேனுக்குக் கீழே உள்ள மேசைக்குப் போட்டி. தெர்மோடைனமிக்ஸில் பாஸான ஒருவர் எட்டாம் வகுப்புச் செய்யுளுக்கு ஆசிரியர் குறிப்பு மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். மத்தியானம் டீ குடிக்கப் போகும்போது பேச்செல்லாம் கட் ஆஃப், ஆன்சர் கீ, போன தடவை எத்தனை கேள்வியில் விட்டது என்பதுதான். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவென்றே இருக்கும் கூடத்திலும் இதே காட்சிதான், கொஞ்சம் ஏசியோடு.

பதினோரு லட்சம் பேர் எழுதும் தேர்வில் எடுக்கக்கூடிய வெவ்வேறு மதிப்பெண்கள் மொத்தமே இருநூற்றுச் சொச்சம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அதனால் கட் ஆஃபை ஒட்டிய இடத்தில் ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். இரண்டு கேள்வி தவறினால் ரேங்க் ஆயிரக்கணக்கில் சரியும். தோற்றவர்களில் பெரும்பாலோருக்கும் "இன்னும் கொஞ்சம்தான்" என்ற எண்ணம் வருவதற்கு இந்தக் கணிதமே போதும். இந்த எண்ணம்தான் அடுத்த வருடத்தையும் அதற்கடுத்த வருடத்தையும் தின்கிறது.

அடுத்த தேர்வு எப்போது என்பதும் நம் கையில் இல்லை. 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. கொரோனா வந்தது. அடுத்தது நடந்தது 2022 ஜூலையில். 2019-ல் இருபத்திரண்டு வயதில் இருந்தவர் அடுத்த முறை எழுதும்போது இருபத்தைந்து. அந்தத் தேர்வின் முடிவு வர 2023 மார்ச் ஆகிவிட்டது. இப்போது ஆண்டுத் திட்ட அட்டவணை ஒழுங்காக வருகிறது, முடிவும் வேகமாக வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடங்களின் எண்ணிக்கைதான் இன்னும் ஊசலாடுகிறது. 2022-ல் 7,301 என்று அறிவித்தது பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. 2024-ல் 6,244 என்றது 9,491-ல் முடிந்தது. அறிவிக்கையில் இருக்கும் எண் கடைசி எண் அல்ல என்பது தயாராகிறவர்களுக்குத் தெரியும். காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது.

இதில் வயது வரம்பும் சேர்ந்துகொள்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 42 வயது வரை எழுதலாம். தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கும், பிள்ளை வளர்த்த பிறகு திரும்பி வரும் பெண்களுக்கும் இது பெரிய வரம். குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "போதும், நிறுத்து" என்று சொல்லும் மணி எங்குமே அடிக்காது என்பதும் இதன் விளைவுதான்.

இந்தக் காத்திருப்புக்கு என்ன விலை? தமிழ்நாட்டில் இதற்கு ஓர் இயற்கையான சோதனையே நடந்திருக்கிறது. நிதி நெருக்கடியால் 2001 இறுதியில் தமிழக அரசு பெரும்பாலான பணிகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. போலீஸ், ஆசிரியர், மருத்துவர் போன்ற சில பணிகள் தவிர மற்றவற்றுக்கு 2006 வரை கதவு சாத்தியே இருந்தது. வேலையே இல்லை என்றால் பட்டதாரிகள் தனியார் பக்கம் நகர்ந்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் அந்தக் காலத்தில் பட்டம் பெற்ற ஆண்களின் தரவைப் பார்த்தபோது நேர்மாறாகத் தெரிந்தது. அவர்கள் வேலையில்லாமல் இருந்த காலம் கூடியிருந்தது. கதவு திறக்கும் என்று படித்துக்கொண்டே காத்திருந்தார்கள். அதைவிட முக்கியம், பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் வருமானம் குறைவாகவே இருந்தது, தனிக் குடும்பம் அமைப்பதும் தள்ளிப்போயிருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானது அல்ல. இருபத்து மூன்று முதல் இருபத்தெட்டு வரைதான் ஒருவர் தொழில் கற்கும் வயது. அந்த ஐந்து ஆண்டில் ஐவகை நிலங்களும் அரசமைப்புச் சட்டப் பிரிவுகளும் சின்னம், கொடி, தலைநகர் என்று அரச வம்சங்களும் மனத்தில் ஏறுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் ரிசல்ட் வந்து பெயர் இல்லை என்றால் தனியாரில் அந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை. "இந்த நாலு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று எச்.ஆர். கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்படியானால் இவர்களுக்கு அரசு நாற்காலிதான் வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்பொருள் நிறுவனமான சோஹோ 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து, வேலைக்கும் எடுத்துக்கொள்ளும் முறையை அதற்கு முன்பே வைத்திருந்தது. ஊரில் இருந்தபடி, நிலையான சம்பளத்தில், இங்கிலீஷ் வாய்ஜாலம் கேட்காத ஒரு தனியார் வேலை கிடைத்தால் போவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது. 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் மினி டைடல் என்ற சிறு ஐடி பூங்காக்கள் திறக்கப்பட்டன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளிலேயே திறன் பயிற்சி தருகிறது. இவையெல்லாம் பதினோரு லட்சம் என்ற எண்ணுக்கு முன் சிறியவை. ஆனாலும் சரியான கேள்விக்குப் பதில் தேடுகின்றன. அறிவுரை சொல்லி வரிசையைக் கலைக்க முடியாது. வரிசையில் நிற்பவர் தேடும் மூன்று விஷயங்களை, அதாவது ஊர், உத்தரவாதம், மரியாதை இவற்றை, வேறு எங்காவது வைக்க வேண்டும்.

வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. நிறுத்தும் தேதியைத் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற பிறகு அதைப் பேச முடியாது, சண்டையாகத்தான் முடியும். முதல் முறை எழுதியதும் தன் மதிப்பெண்ணைத் தன் பிரிவின் கட் ஆஃபோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து கேள்வி தூரம் என்றால் இன்னொரு முறைக்கு நியாயம் இருக்கிறது. நாற்பது கேள்வி தூரம் என்றால், அடுத்த வருடம் அது தானாகக் குறையாது. ஏதாவது ஒரு பகுதிநேர வேலை, அரைநாள் கணக்கு எழுதும் வேலையாக இருந்தாலும் சரி, கூடவே இருக்கட்டும். அதனால் படிப்பு கெடும் என்பார்கள். கொஞ்சம் கெடலாம். ஆனால் ரெஸ்யூமில் ஒரு வரி ஏறும், கையில் சொந்தக் காசு புரளும், அப்பாவிடம் டெஸ்ட் பேட்ச் பணத்துக்கு நிற்கும் கூச்சம் இருக்காது. கோச்சிங் சென்டர் வாசலில் இருக்கும் சாதனையாளர் ஃபிளெக்ஸைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதில் ஜெயித்தவர் படம் மட்டும்தான் இருக்கும்.

அரசும் ஒன்று செய்யலாம், பெரிய செலவில்லாமல். யு.பி.எஸ்.சி. 2018 முதல், நேர்முகத் தேர்வு வரை வந்து கடைசிப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால், வேலை கொடுப்பவர்கள் பார்க்கும்படி வைக்கிறது. இப்போது அதற்கு பிரதிபா சேது என்று பெயர். குரூப் 4-ல் கட் ஆஃபுக்கு அடுத்து நிற்கும் ஐம்பதாயிரம் பேர் தமிழில் பிழையில்லாமல் எழுதுவார்கள், கணக்கு போடுவார்கள், தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நகராட்சிகளின் ஒப்பந்தப் பணிகளுக்கும் மாவட்டத் தலைநகரங்களில் ஆள் தேடும் மருத்துவமனைகளுக்கும் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனிகளுக்கும் இப்படிப்பட்டவர்கள்தான் தேவை. ஒவ்வொரு தேர்வும் முடிந்ததும் அந்தப் பட்டியல் டி.என்.பி.எஸ்.சி. கணினியில் மதிப்பெண் வாரியாகத் தயாராகவே இருக்கிறது.